மூன்று டன் படகு, 1,250 கிலோமீட்டர்: எந்த வண்டியில் இழுப்பது?

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் என் தம்பியின் மீன்பிடிப் படகைப் போன ஜூன் மாதம்தான் முதன்முறையாக எடை மேடையில் ஏற்றினோம். வண்டியிலிருந்து கழற்றி, டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்த எடை 3,060 கிலோ. அதுவரை அதை இழுத்துக்கொண்டிருந்தது தம்பியின் டொயோட்டா பிராடோ. அந்த மாடல் இழுக்கக்கூடிய உச்ச வரம்பு 3,000 கிலோ. அதாவது மூன்று வருடங்களாக, பெர்த்திலிருந்து வடக்கே எக்ஸ்மவுத் என்ற கடற்கரை ஊர் வரை போக 1,250 கிலோமீட்டர், வர 1,250 கிலோமீட்டர், வரம்பைத் தாண்டிய சுமையோடு நான்கு குடும்பஸ்தர்கள் போய் வந்திருக்கிறோம். அந்த எடைச் சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் இருபத்திரண்டு வருடம் பிரைம் மூவர், அதாவது கன்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் லாரி, ஓட்டியவன். எடை தெரியாமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். 2016 ஜூலையிலிருந்து எடையைச் சரிபார்க்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று உலகம் முழுவதற்கும் விதியே இருக்கிறது. அதே கவனத்தைச் சொந்தப் படகுக்குக் காட்டவில்லையே என்ற வருத்தம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அடுத்த வண்டி எதை வாங்குவது என்று தம்பியும் நானும் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். செலவில் பாதி என்னுடையது என்பதால் நானும் ஒரு கட்சி.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இந்த விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் ஆட்களில் பெர்த்தில் அண்ணனோ தங்கையோ இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஐந்து மணி நேரப் பயணம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். ஜூன் பள்ளி விடுமுறையில் அங்கே போய் வண்டி எடுத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். தேக்காவில் டீ குடிக்கும்போது, "அண்ணே, படகு இழுக்க எந்த வண்டி நல்லது?" என்று கேட்டவர்கள் மட்டும் நான்கைந்து பேர். அவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது என்ஜின் எவ்வளவு பெரியது என்பதைத்தான். அதில் ஆச்சரியம் இல்லை. இங்கே வண்டி என்றாலே சிஓஇ என்னும் வண்டி வாங்கும் உரிமைச் சான்று, சாலை வரி, என்ஜின் அளவு என்றுதான் பேச்சு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. தீவோ கிழக்கிலிருந்து மேற்குக்கு ஐம்பது கிலோமீட்டர். படகு வைத்திருப்பவர்கள் அதைப் படகுத்துறையிலேயே விட்டுவிடுகிறார்கள். சாலையில் படகை இழுத்துப் போகும் அனுபவமே இங்கே பெரும்பாலும் யாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை.

கணக்கு படகிலிருந்துதான் தொடங்க வேண்டும். விற்பனைத் தாளில் படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றும் சேர்த்து 2,380 கிலோ என்று போட்டிருந்தது. தம்பி அந்த எண்ணை நம்பித்தான் பிராடோவில் இழுத்தான். மீதி எங்கே இருந்து வந்தது என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். 300 லிட்டர் பெட்ரோல், 220 கிலோ. குடிநீர் 80. ஐஸ் நிரப்பிய இரண்டு பெட்டிகள் 90. நங்கூரம், சங்கிலி, கயிறு எல்லாம் 60. தூண்டில், மற்ற மீன்பிடி சாமான் 50. கூடுதல் பேட்டரியும் சோனாரும் அவற்றின் பெட்டிகளும் 80. டிரெய்லருக்கு ஸ்பேர் டயர் 30. லைஃப் ஜாக்கெட், கருவிப்பெட்டி, சில்லறை 70. ஒவ்வொன்றும் சின்னச் சின்னதுதான். கூட்டினால் 680 கிலோ. ஒரு பெரிய பசுமாட்டைப் படகில் ஏற்றியதற்குச் சமம்.

சரி, 3,060 என்று தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் விற்கும் பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பல 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்கின்றன. அப்படியானால் எதை வாங்கினாலும் போதும் போலத் தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 3,500 என்பது நான்கு எண்களில் ஒன்று மட்டும்.

இரண்டாவது, சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை. அங்கே ஜிவிஎம் என்பார்கள். வண்டியின் சொந்த எடை, எரிபொருள், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மூன்றாவது, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை, ஜிசிஎம். நான்காவது, டிரெய்லரின் மூக்கு, அதை மாட்டுவதற்காக வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் மேல் அழுத்தும் எடை. எங்கள் படகுக்கு அது 260 கிலோ. இந்த 260 கிலோவை வண்டி சுமக்கிறது, அதனால் அது ஜிவிஎம் கணக்கில் சேரும். ஆட்களுக்கும் சாமானுக்கும் என்று இருக்கும் இடத்திலிருந்து முதலில் இதைக் கழிக்க வேண்டும். இழுவை வரம்பைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரம் இதை எங்கேயும் சொல்வதில்லை.

அந்த 260 கிலோ இன்னொரு வேலையும் செய்கிறது. பந்து பின் அச்சுக்கு ஒன்றேகால் மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் இறைப்பது போலத்தான். பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். மூன்று மீட்டர் அச்சு இடைவெளி உள்ள வண்டியில், பந்தின் மேல் வைத்த 260 கிலோ பின் அச்சில் சுமார் 370 கிலோவாக ஏறும். முன் அச்சிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் குறையும். முன் சக்கரம்தான் திருப்புகிறது, பிரேக்கில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அது லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் கையில் பஞ்சு மாதிரி இருக்கும். பிராடோவில் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. நாங்கள் அதைப் பவர் ஸ்டீயரிங்கின் சுகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த நான்கு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்த்தோம். சில சீக்கிரமே கழன்றுவிட்டன. பிஒய்டியின் ஷார்க் பிக்கப் பார்க்க அழகு, பேட்டரியும் பெட்ரோலும் கலந்து ஓடும், மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நாங்கள் பார்த்த வகையின் இழுவை வரம்பு 2,500 கிலோ. அதோடு பேச்சு முடிந்தது. மறுபக்கம் அமெரிக்காவின் ராம் 1500. 70 மில்லிமீட்டர் பந்து போட்டால் 4,500 கிலோ இழுக்கும். எங்கள் படகுக்கு அது தேவையில்லாத அளவு, தம்பி வீட்டு வாசலில் நிறுத்தவும் இடம் போதாது. கடைசியில் நின்றவை மூன்று: ஃபோர்டு ரேஞ்சர் வி6 டீசல், டொயோட்டா லேண்ட் குரூஸர் 300, நிசான் பேட்ரோல் வி8. மூன்றுமே 3,500 கிலோ இழுக்கும் வரம்பு உள்ளவை.

ரேஞ்சர் மூன்றிலும் விலை குறைவு. 3 லிட்டர் டீசல், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பிக்கப் என்பதால் சுமக்கும் திறன் காகிதத்தில் 900 கிலோவுக்கு மேல். பந்தின் 260 போக இன்னும் 600 கிலோவுக்கு மேல் மிச்சம். எண்களை மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும், நானும் முதல் வாரம் இதன் பக்கம்தான் இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, 80 லிட்டர் டேங்க். எங்கள் படகை இழுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 18, 19 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 420 கிலோமீட்டர்தான் ஓடும். ஜெரால்ட்டன் ஊரிலிருந்து கார்னார்வன் வரை 480 கிலோமீட்டர், நார்த்தாம்டனைத் தாண்டினால் நடுவில் ஊரே கிடையாது. பில்லாபாங், ஓவர்லேண்டர் என்று சாலையோரக் கடைகள் மட்டும் இருக்கின்றன. அங்கே டீசல் கிடைக்கும், அது பெரிய பிரச்சினை இல்லை. இரண்டாவதுதான் பெரிது. வண்டியின் சொந்த எடை 2,350 கிலோவை ஒட்டி இருக்கிறது. நான்கு பேரும் சாமானும் ஏறினாலும் 2,770. பின்னால் வருவது 3,060. இழுக்கிறதைவிட இழுபடுவது கனம். குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரிதான். சட்டப்படி அதில் தப்பு இல்லை. ஆனால் பிரைம் மூவரில் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு அது உறுத்தும். காலி பிரைம் மூவரும் நிறைந்த டிரெய்லரும் தனி வடிவமைப்பு. அங்கே சுமை பின் அச்சுகளுக்கு நேர் மேலே உட்காரும். பிக்கப்பில் அது பின் அச்சுக்கு வெகு பின்னால், வாலில் தொங்குகிறது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. பெர்த்திலிருந்து வடக்கே போகும் பிராண்ட் நெடுஞ்சாலையில், ஜெரால்ட்டனுக்குச் சற்று முன்னால் கிரெனஃப் என்று ஒரு சமவெளி வரும். அங்கே மரங்கள் தரையோடு படுத்து வளர்ந்திருக்கும். தண்டு ஒரு மீட்டர் எழும்பியதும் அப்படியே வடக்குப் பக்கம் சாய்ந்து, கிளைகள் மண்ணைத் தொடும். கடலிலிருந்து வருடம் முழுவதும் அடிக்கும் காற்று அவற்றை அப்படி வளர்த்திருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது இறங்கிப் படம் எடுத்தோம். மூன்றாவது பயணத்தில் அந்தக் காற்று எங்களையும் அப்படிச் சாய்க்கப் பார்த்தது. தம்பி ஓட்டினான், வேகம் 95. எதிரே ஒரு ரோடு டிரெய்ன் வந்தது. இரண்டு மூன்று டிரெய்லர் கோத்து வரும் லாரி. மேற்கு ஆஸ்திரேலியாவில் சில சாலைகளில் இவை 53 மீட்டர் நீளம் வரை ஓடும். அது நெருங்கும்போது காற்றைத் தள்ளும், கடந்ததும் இழுக்கும். தள்ளியதும் படகின் மூக்கு இடப்பக்கம் நகர்ந்தது, பிராடோவின் வால் அதன்கூடவே போனது. கண்ணாடியில் படகு வலப்பக்கம் தெரிந்தது, அப்புறம் இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிது. தம்பி பிரேக்கில் கால் வைக்கப் போனான். "கால எடு, கால எடு" என்று கத்திவிட்டு, டாஷ்போர்டில் இருந்த டிரெய்லர் பிரேக் பட்டனை நான் அழுத்தினேன். டிரெய்லர் மட்டும் பிரேக் பிடித்ததும் அது பின்னால் இழுபட்டு நேராகிவிட்டது. மொத்தமே நான்கு விநாடி. அதன் பிறகு பத்து நிமிடம் வண்டியில் யாரும் பேசவில்லை.

அந்த நான்கு விநாடிதான் என் ஒப்பீட்டின் அளவுகோல். எந்த வண்டி அந்த ஆட்டத்தைத் தொடங்கவே விடாது என்பதுதான் என் முதல் கேள்வி. குதிரைத்திறன் எல்லாம் அதற்குப் பிறகு. வண்டியின் பக்கமிருந்து ஆட்டத்தைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு: இழுக்கும் வண்டியின் எடை, அதன் இரண்டு அச்சுகளுக்கும் உள்ள இடைவெளி. எடை கூடினால் பின்னால் இருப்பது அதை நகர்த்தக் கஷ்டப்படும். இடைவெளி நீண்டால் வால் இழுத்தாலும் தலை திரும்பாது.

இப்போது லேண்ட் குரூஸரைப் பாருங்கள். 3.3 லிட்டர் வி6 டீசல், 700 நியூட்டன் மீட்டர், அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே முழுதாகக் கிடைக்கும். பத்து கியர். 80, 30 என்று இரண்டு டேங்கிலுமாக 110 லிட்டர். நண்பர் ஒருவரின் வண்டியில் எங்கள் படகை மாட்டி இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர். மேட்டில் கியர் மாறுவதே தெரியவில்லை. காதில் பாட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓட்டுகிற சுகத்துக்கு மூன்றிலும் இதற்கு இணை இல்லை, அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஜிவிஎம் 3,280. நாங்கள் பார்த்த வகையில் ஆட்களுக்கும் சாமானுக்கும் சுமார் 700 கிலோ. பந்துக்கு 260 போனால் 440. எண்பது கிலோ வீதம் நான்கு பேர் 320. மிச்சம் 120. துணிமணி, சாப்பாட்டுப் பெட்டி, வண்டிக்குள் வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் அதோடு முடிந்தது. கங்காருவுக்காக முன்னால் இரும்புத் தடுப்புப் போட வேண்டும் என்றால், யாராவது ஒருவர் பெர்த்திலேயே இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். அச்சு இடைவெளி 2,850 மில்லிமீட்டர், மூன்றிலும் குறைவு. விலையோ ஆஸ்திரேலிய டாலரில் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

நிசான் பேட்ரோலின் பெயரை எடுத்தாலே நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். 5.6 லிட்டர் வி8 பெட்ரோல். யானையைக் கட்டித் தீனி போடுவது போல என்று என் மனைவியே சொன்னாள். படகோடு ஓட்டினால் நூறு கிலோமீட்டருக்கு 24 லிட்டர். எதிர்காற்று அடித்தால் 28. முறுக்குவிசை 560தான், அதுவும் 4,000 சுற்றில். அதனால் மேடு வந்தால் கியர் இறங்கி என்ஜின் உறுமும். டீசல் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் வண்டி கஷ்டப்படுகிறதோ என்று தோன்ற வைக்கும். அந்த என்ஜின் அப்படித்தான் வேலை செய்யும், அதில் குறை எதுவும் இல்லை. மறுபக்கம் பாருங்கள். வண்டியின் சொந்த எடை 2,800 கிலோவை ஒட்டி இருக்கிறது, ஜிவிஎம் 3,500. எங்களோடும் சாமானோடும் 3,200. படகைவிடக் கனம். அச்சு இடைவெளி 3,075 மில்லிமீட்டர். அதே பாதையில் அதே படகோடு ஓட்டிப் பார்த்தபோது, எதிரே லாரி வந்தால் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். கண்ணாடியில் படகு நடுவிலேயே நின்றது. சுமக்கும் இடம் லேண்ட் குரூஸர் அளவுதான், இதிலும் இரும்புத் தடுப்புக்கு இடம் கஷ்டம்தான் என்பதை மறைக்கவில்லை.

எரிபொருள் செலவைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தியதால் அதையும் எழுதிப் பார்த்தோம். போய் வர 2,500 கிலோமீட்டர். லேண்ட் குரூஸருக்கு 450 லிட்டர், பேட்ரோலுக்கு 600. வித்தியாசம் 150 லிட்டர், உயர்ரக பெட்ரோலின் விலையையும் சேர்த்துத் தாராளமாகவே ஒரு பயணத்துக்கு 400 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் எங்களுக்குச் சொன்னபடி இருபதாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தை எரிபொருளில் இழக்க ஐம்பது பயணம் வேண்டும். நாங்கள் போவது வருடத்துக்கு ஒன்று. தம்பி தினமும் வேலைக்குப் போவது வேறு சின்ன காரில். மாதம் இரண்டு முறை வடக்கே போகிறவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழாக மாறும். அவருக்கு லேண்ட் குரூஸர்தான்.

பேட்ரோலில் நிஜமாகக் கவலைப்பட வேண்டியது டேங்க். 140 லிட்டர் என்பது பெரிதாகத் தெரிந்தாலும், ஜெரால்ட்டன் முதல் கார்னார்வன் வரை 480 கிலோமீட்டருக்கு 115 லிட்டர் போகும். எதிர்காற்றில் 134. சாலையோரக் கடைகளில் டீசல் எப்போதும் இருக்கும், உயர்ரக பெட்ரோல் இருக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. அதனால் ஜெரால்ட்டனில் கழுத்து வரை நிரப்புவது, இருபது லிட்டர் கேன் இரண்டைப் படகில் கட்டி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கேன்களின் எடையும் படகின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கார்னார்வன் வாழைத் தோட்டங்கள் உள்ள ஊர். அங்கே ஒரு இரவு தங்கி, பழமும் வாங்கிக்கொண்டு, மறுநாள் 365 கிலோமீட்டர் போனால் எக்ஸ்மவுத். இரவில் ஓட்டுவதில்லை, அந்திப் பொழுதில் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும். வேகம் 90. நம் ஊரில் லாரிக்கு 60 என்ற வரம்பில் பழகிய எனக்கு 90 போதும் போதும் என்று இருக்கும்.

நான்கு சக்கர இயக்கம் பற்றி ஒரு வார்த்தை. 1,250 கிலோமீட்டரும் நல்ல தார்ச்சாலை. அது உண்மையில் உதவுவது படகை இறக்கும் சரிவில்தான். எக்ஸ்மவுத் பக்கம் பண்டேகி, டான்டபிடி என்று இரண்டு இடத்தில் படகு இறக்குகிறோம். தண்ணீர் வடிந்த காங்கிரீட்டில் பாசி பிடித்திருக்கும். மூன்று டன்னை மேலே இழுக்கும்போது பின் சக்கரம் மட்டும் சுழன்றால் வண்டி தண்ணீர்ப் பக்கம் சறுக்கும். நான்கு சக்கரத்திலும் போட்டு, லோ கியரில் மெதுவாக ஏறினால் ஒரு சத்தமும் இல்லாமல் வந்துவிடும். இதில் மூன்று வண்டியும் தேர்ச்சி.

இழுக்காமலே போனால் என்ன என்ற கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. லாரி கம்பெனியிடம் கொடுத்துப் படகை அனுப்பிவிட்டு, நாம் பெர்த்திலிருந்து விமானத்தில் லியர்மன்த் போய் இறங்கலாம். வருடத்துக்கு ஒரு பயணம் மட்டும் என்றால், ஒரு லட்சம் டாலர் வண்டி வாங்குவதைவிட அது நிச்சயம் லாபம். படகை அங்கேயே யாருடைய கொட்டகையிலாவது விட்டுவிடலாம் என்று மச்சான் சொன்னார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 1999 மார்ச்சில் வான்ஸ் புயல் அடித்தபோது லியர்மன்த்தில் காற்று மணிக்கு 267 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. தம்பிக்கு மனசு வரவில்லை. அதோடு மற்ற மாதங்களில் அவன் பெர்த் கடலில் ராட்னஸ்ட் தீவுப் பக்கம் வாரம் தவறாமல் போகிறவன். சிங்கப்பூரிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை மீன் பிடிக்கப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது வேறு: படகே வாங்காதீர்கள், எக்ஸ்மவுத்தில் ஆளோடு படகு வாடகைக்குக் கிடைக்கிறது. நிங்கலூ பவளப்பாறையும் மார்லின் மீனும் யார் படகில் போனாலும் அதேதான்.

எந்த வண்டி வாங்கினாலும் சரி, பயணத்தை முடிவு செய்வது டிரெய்லரின் சக்கரக் குடம், அதாவது பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி. இரண்டாவது வருடம், நார்த்தாம்டன் தாண்டி ஒரு இடத்தில் கால் நீட்ட நிறுத்தினோம். டிரெய்லர் பக்கம் நடந்தபோது கருகிய நெய் போல ஒரு வாடை. இடது பின் சக்கரத்தில் கையை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதும் சுர்ரென்று ஆவியானது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் வெள்ளையாக, மோர் மாதிரி இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நீண்ட தூரம் ஓடி வந்த சூட்டோடு டிரெய்லரைக் கடலில் இறக்கினால், உள்ளே சூடாக இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும். போன பயணத்தில் போய்ச் சேர்ந்ததும் ஆசையில் நேரே கடலில் இறக்கியதன் பலன் அது. பேரிங் உருளைகள் நீலமாகி ஒட்டிக்கொண்டிருந்தன. மாற்றுப் பேரிங் கையில் இருந்ததால் மூன்று மணி நேரத்தோடு போயிற்று. அன்றிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நான்கு குடத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறோம். கையை வைத்தபடி பத்து வரை எண்ண முடிந்தால் சரி. போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் ஆற விட்டுத்தான் கடலில் இறக்குகிறோம்.

பிரேக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலிய விதிப்படி 2,000 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும், வண்டியிலிருந்து கழன்றால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதற்கென்று தனி பேட்டரி டிரெய்லரில் இருக்கும். அது சார்ஜில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்ப்பவர்கள் குறைவு. புது வண்டிக்கு ஒரு லட்சம் எண்ணி வைக்கத் தயாராக இருப்பவர், டிரெய்லரின் பிரேக் லைனுக்கும் பேரிங்குக்கும் ஐந்நூறு டாலர் செலவழிக்க யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கையில் இருந்த பணம் குறைவு என்றால், பழைய கனமான வண்டியை வாங்கி, மிச்சத்தை டிரெய்லரில் போடுவேன்.

கடைசியில் நாங்கள் எடுத்தது பேட்ரோல். ஒன்றரை வருடம் ஓடிய வண்டி, முன்னால் இரும்புத் தடுப்பு இல்லாதது. படகு இரண்டு டன்னுக்குள் இருந்திருந்தால் யோசிக்காமல் ரேஞ்சர் எடுத்திருப்போம். படகிலும் கை வைத்தோம். பெட்ரோலை 300 லிட்டர் நிரப்பாமல் 60 லிட்டரோடு கிளம்பி எக்ஸ்மவுத்தில் நிரப்புவது, ஐஸும் அங்கேயே வாங்குவது, குடிநீர்த் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோவது. கேன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் இருநூற்றைம்பது கிலோவுக்கு மேல் குறைகிறது.

போன வாரம் தம்பி மறுபடி எடை மேடைக்குப் போனான். யீஷூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சீட்டில் 2,770. பந்தில் 240. கீழே ஒரு வரி: "அண்ணே, பேரிங் ரெண்டு செட் வாங்கிட்டேன். ஜூன்ல வரும்போது நம்ம ஊர் மீன் மசாலா மட்டும் எடுத்துட்டு வா. வெயிட்ல அரை கிலோ உனக்கு ஒதுக்கி இருக்கு."